கேளா ஒலிகளின் பட்டியல்

ஓய்வுபெற்ற ஹவில்தார் பாலுசாமிக்கு எருமை கத்தினால் கேட்கும். லாரி போனால் கேட்கும். மதுக்கரைக் குன்றுப் பக்கம் பாறைக்கு வெடி வைத்தால், அது காதில் கேட்கிறதா காலில் கேட்கிறதா என்று சொல்ல முடியாவிட்டாலும், கேட்கும். கேட்காதவை மூன்றே மூன்று: குருவி, குக்கர், நாச்சியம்மாள்.

முதல் இரண்டைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மூன்றாவது அவருடைய மனைவி.

பதினேழு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவர். பீரங்கி வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் பதினேழு வருடம் திறந்து வைத்தார். வாய்க்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. காதுக்கு, ரஜாய்ப் போர்வையிலிருந்து பிய்த்த பஞ்சு. தொண்ணூற்றொன்றாம் வருடம் அவரே தன் கைப்பட, ‘பீரங்கி ஒன்றுக்கு ஆறு பேர், ஆளுக்கு இரண்டு காது’ என்று கணக்குச் சொல்லி இயர் பிளக் கேட்டு எழுதிப்போட்டார். ‘கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அவர் ஓய்வுபெற்று ஊர் வந்து, ஒரே மகள் பிரவீனாவைக் கட்டிக்கொடுத்து, மில்லில் காவலுக்குப் போய், அதிலிருந்தும் ஓய்வுபெற்றார். கோரிக்கை மட்டும் ஓய்வுபெறவில்லை.

“வெடிச்சத்தம் மெல்லிசான சத்தத்தைத்தாங்க மொதல்ல திங்கும்,” என்று ஒரு டாக்டர் அவர் வலது காதருகே கத்தி விளக்கியிருந்தார். “குருவி, கொழந்தைங்க, பொம்பளைங்க குரலு, இந்த வரிசையில போகும். எருமை கடைசிலதான் போகுமுங்க.”

கேட்காத குறையைச் சமாளிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். யாராவது வாயசைத்து நிறுத்தினால், சிரித்த முகமாக “ஆமாமா” என்பார். பத்துக்கு எட்டு தரம் அது போதும். மீதி இரண்டு தரம் எதிராளி தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். ஆக எப்படியும் பேச்சு முடிந்துவிடும்.

நாச்சியம்மாளோ பேச்சுக்குப் பிறந்தவள். சட்னி அரைக்கும்போது ஆரம்பித்தால் அந்தச் சட்னி ஊசிப்போகும் வரை பேசுவாள். அப்படிப்பட்டவள் கொஞ்ச காலமாக ஒரு நாளைக்கு ஏழு வார்த்தைக்கு வந்துவிட்டாள். சோறு, மாத்திரை, கரண்ட்டு, கேஸு, போனு, மழை, கதவு. அதையும் கையால் காட்டிவிட்டுத்தான் சொல்வாள்.

காரணம் பாலுசாமிக்குத் தெரிந்ததுதான், அதாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். கட்டின புருஷனிடம் கத்துகிற வழக்கம் நாச்சியம்மாள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. தவிர, கத்தினால் மூன்றாவது வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுவிடுவார்கள்.

உண்மையான சண்டை ஒன்றே ஒன்றுதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். மெடல்களை எடுக்க அவர் தன் பட்டாளத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வைக்கோல். வைக்கோல் மேல் ரெஜிமென்ட் தொப்பி. தொப்பி மேல் நாச்சியம்மாள் அடை வைத்த கோழி, அவரை முறைத்துக்கொண்டு. அன்று முழுக்க அவர் கத்தினார். மறுநாள் எழுந்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பதின்மூன்று குஞ்சு பொரித்தது. அவரே நொய்யரிசி போட்டு வளர்த்தார். அதோடு அதை மறந்தும் போனார்.

இப்படி ஏழு வார்த்தையில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலை வாளியோடு எருமை கட்டும் கட்டுத்தாரைக்குப் போனவர், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டார். நாச்சியம்மாள் எருமையிடம் பேசிக்கொண்டிருந்தாள். பால் கறந்தபடியே தலையை ஆட்டி, இடையில் ஒரு கையை எடுத்து நீட்டி முழக்கி, யாரையோ போல் நடித்துக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்து, நிறுத்தி, எருமையின் முகத்தைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்து. எருமை காதை மடக்கி மடக்கி விரித்துக் கேட்டது. கால் மணி நேரம் நடந்தது. யார் வீட்டில் கல்யாணம், எவர் தோட்டத்தில் போர்வெல் வற்றியது, எல்லாம் அந்த எருமைக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அறுபத்து நாலு வயதில் ஒரு மனிதன் எருமையைப் பார்த்துப் பொறாமைப்படுவது கௌரவமான காரியமில்லை. பாலுசாமி வாளியை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். காது மெஷின் கடையிலும் கிடைக்கும்தான். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. காதை வாங்கிக்கொண்டது எதுவோ, அதுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

*

‘முன்னாள் படைவீரர் செவித்திறன் இழப்பு புரிதல், தடுப்பு மற்றும் சிகிச்சை மண்டல மையம்’ உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பெயர் நீளமாகப் போய்விட்டதால் பலகை முன் சுவரில் அடங்கவில்லை. ‘புரிதல்’ வாசலுக்கு மேல் இருந்தது. ‘தடுப்பு’ ஜெனரேட்டருக்கு மேல் இருந்தது. ‘சிகிச்சை’ சுவர் திரும்பிச் சந்துக்குள் போய்விட்டது. அந்தச் சந்தில் கழிப்பறை மட்டுமே உண்டு.

உள்ளே பெஞ்சுகளில் முப்பது முன்னாள் படைவீரர்கள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பாலக்காட்டு பஸ்கள் ஹார்ன் அடித்தன, ஜெனரேட்டர் உறுமியது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஜன்னலருகே மேசை. மேசையில் எழுத்தர் ராமுலு. பாலுசாமி பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பதினொன்று ஆனது. ஒன்று ஆனது. யாரும் எழுந்து உள்ளே போகவுமில்லை, யாரும் வெளியே வரவுமில்லை. மூன்றரைக்கு ராமுலு பேரேட்டை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை எடுத்தார்.

பாலுசாமி போய் மேசையைத் தட்டினார். “ஏனுங்க தம்பி, என்னையக் கூப்படவே இல்லீங்களே?”

ராமுலு எழுந்து வந்து அவர் வலது காதருகே குனிந்தார். “மூணு வாட்டி கூப்பிட்டேனுங்க ஐயா. நீங்கதான் வரலீங்க. ‘வரவில்லை’ன்னு எழுதிப்போட்டேனுங்க.”

“நா இங்கதான உக்காந்திருந்தேன்!”

“பாத்தேனுங்க. ஆனா பார்த்ததுக்குப் பேரேட்டுல கட்டம் இல்லீங்களே.”

“சத்தமாக் கூப்படக் கூடாதுங்களா?”

ராமுலு சுவரைக் காட்டினார். சுற்றறிக்கை எண் ஒன்பது, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ‘நாட்டுக்குத் தொண்டாற்றிய படைவீரர்களை உரத்த குரலில் அழைப்பது மரியாதைக் குறைவாகும். எனவே அவர்களைப் பணிவான மெல்லிய குரலில் மும்முறை அழைக்கவும். வராதவர் சிகிச்சையில் விருப்பமற்றவராகக் கருதப்படுவார்.’

“முன்ன கத்தித்தான் கூப்பிட்டுட்டு இருந்தேனுங்க,” என்றார் ராமுலு, வருத்தத்தோடு. “அவிநாசிக்காரர் ஒருத்தர், சுபேதாராம். ‘என்னத்துக்குடா கத்தறே, நானென்ன செவுடா?’ன்னு மேல எழுதிப்போட்டாருங்க. அதுல வந்ததுதானுங்க இது.”

மறுவாரம் பாலுசாமி பட்டாளத்து மூளையைப் பயன்படுத்தினார். ராமுலுவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் உதட்டையே எல்லைக் காவல் போலக் கண் கொட்டாமல் பார்த்தார். பதினொன்றே காலுக்கு உதடு ‘பாலுசாமி’ என்று குவிந்து விரிந்தது. அவர் பாய்ந்து எழுந்து விறைப்பாக நின்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். ராமுலு கவலையாகப் பார்த்தார். பிறகு பேரேட்டில் எழுதி, அவருக்கே திருப்பிக் காட்டினார். ‘மெல்லிய அழைப்புக்கு முதல் முறையிலேயே பதிலளித்தார். செவித்திறன் மிக நன்று. சிகிச்சை தேவையில்லை.’

“அடப்பாவி!” என்றார் பாலுசாமி.

“விதி அப்படித்தானுங்க ஐயா. கூப்பிட்டு வந்தா காது நல்லா இருக்குதுன்னு அர்த்தம். வரலீன்னா ஆளே வரலீன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணுதானுங்க.” கொஞ்சம் யோசித்து, “டைரக்டர் ஐயாவ வேணாப் பாருங்க. நல்ல மனுசன். அவருகிட்டப் போயி யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதே இல்லீங்க,” என்றார்.

*

ஏன் சொன்னதில்லை என்பது உள்ளே போனதும் தெரிந்தது. காதைச் சோதிப்பதற்காக வெளி ஒலி புகாத அறை ஒன்றை அந்த மையத்தில் கட்டியிருந்தார்கள். கட்டிடத்திலேயே அமைதியான இடம் அதுதான் என்பதால் இயக்குநர் லட்சுமிநாராயணன் அதைத் தன் அறையாக்கிக்கொண்டார். சோதனை மெஷின் பாலிதீன் உறையோடு மூலையில் நின்றது. அதன் மேல் மணிபிளான்ட் ஒன்று வளர்ந்தது.

இயக்குநர் நல்ல உயரம், நல்ல சந்தனப் பொட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடமும் மைக்கில்தான் பேசுவார். அதனால் பாலுசாமிக்கு எல்லாம் கேட்டது.

“ஹவில்தார் அவர்களே! ஆறு ஆண்டுகளாக இம்மையத்தை நடத்துகிறேன். ஒரு புகார்கூட என் காதுக்கு எட்டியதில்லை. எட்ட வாய்ப்பே இல்லாதபடி நிர்வாகம் செய்கிறோம். இதுவரை எத்தனை பேருக்குச் செவித்திறன் இழப்பு கண்டுபிடித்தோம் தெரியுமா? பூஜ்ஜியம்! மற்ற மண்டலங்களில் நூறு, இருநூறு என்கிறார்கள். அங்கெல்லாம் நிர்வாகம் சரியில்லை. நோயாளிகளை உள்ளே விட்டுவிடுகிறார்கள்.”

“ஐயா, எனக்கு எம்பொண்டாட்டி பேசறது கேக்கலீங்க.”

“இது செவியின் குறையா, மனைவியின் குறையா என்பதை முதலில் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் புரிதல் பிரிவு.” இயக்குநர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “மேல்முறையீட்டுப் படிவம், எண் பதினாலு. நீங்கள் கேட்காத ஒலிகளை இதில் பட்டியலிடுங்கள். தேதி, ஒலியின் விவரம், அந்த ஒலிக்கு நீங்கள் அளித்த பதில், சாட்சியின் கையொப்பம். செவி காப்பு வாரத் தொடக்க நாளன்று சரிபார்ப்புக் குழு கூடும். ஒரு ஒலியையும் நீங்கள் கேட்கவில்லை என்று உறுதியானால் அன்றே மெஷின்.”

“கேக்காத சத்தம் என்னன்னு எனக்கெப்படிங்க தெரியும்?”

இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். “தெரிந்தால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், இல்லையா?”

பாலுசாமி அந்தப் படிவத்தோடு மூன்று நாள் உட்கார்ந்தார். ‘ஒன்று, குயில்’ என்று எழுதினார். குயில் கூவியதா, சும்மா உட்கார்ந்திருந்ததா என்று சந்தேகம் வந்து அடித்தார். நாலாம் நாள் படிவத்தைக் கொண்டுபோய் நாச்சியம்மாளிடம் நீட்டினார்.

“நாச்சி, எனக்கென்னென்ன கேக்கலீன்னு எழுதோணுமாம். உனக்குத்தான் தெரியும். எழுதிக் குடு.”

அவள் படிவத்தைப் படித்தாள். ‘ஒலிக்கு அளித்த பதில்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். பிறகு அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், பிரவீனா பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

எட்டாவது வரை படித்தவள். நான்கு நாள் எழுதினாள். இரண்டு முறை பருப்பு கருகியது. எருமை தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தியது, அது பாலுசாமிக்குக் கேட்டது, அவருக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். ஐந்தாம் நாள் நோட்டைக் காக்கி உறையில் போட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தாள். “அங்க போயிப் பிரிச்சுக்கட்டும்,” என்று கையால் காட்டினாள்.

*

செவி காப்பு வாரத்தைப் பத்தாயிரம் வாலா கொளுத்தித் தொடங்கினார்கள். கிணத்துக்கடவிலிருந்து வந்த ஜமாப் மேளக் குழு மையத்தின் வரவேற்பறைக்குள்ளேயே நின்று முக்கால் மணி நேரம் அடித்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. காது நன்றாக இருந்த ஒரே ஆள் ராமுலு, கையால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் இருந்தார். முப்பது படைவீரர்கள் மட்டும் அதை ரசித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அவர்களுக்குப் பாட்டு கேட்டது.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. அதனால் இயக்குநரே தன்னை வரவேற்று, தனக்குப் பொன்னாடை போர்த்தி, தன்னைப் பேச அழைத்தார்.

“சத்தமே செவியின் எதிரி!” என்று நான்கு ஒலிபெருக்கிகளில் முழங்கினார். “தடுப்புப் பிரிவின் மகத்தான சாதனை ஒன்றை இன்று அறிவிக்கிறேன். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஒரு படைவீரர் காதடைப்பான் கோரி விண்ணப்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரிசீலித்தோம். அவசரப்படவில்லை! ஆறு வீரர்களுக்குப் பன்னிரண்டு காது என்ற அவரது கணக்கு சரிதானா என்று மூன்று குழுக்கள் ஆராய்ந்தன. சரியே! ஆனால் மற்ற ஐந்து வீரர்களும் இன்று முகவரியில் இல்லை. எனவே முதல் தவணையாக ஒரு ஜோடி!”

பாலுசாமியை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். அதன் கீழ் மூலையில், சின்ன பாலிதீன் பைக்குள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு இயர் பிளக். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஐந்து பேரின் முகமும் ஞாபகம் வந்தது, வாயைத் திறந்தபடி. புகைப்படம் எடுத்தார்கள்.

*

சரிபார்ப்புக் குழு என்பது இயக்குநரும் ராமுலுவும். விதிப்படி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஒலியையும் விண்ணப்பதாரர் முன்னால் எழுப்ப வேண்டும். உதட்டைப் பார்த்துவிடக்கூடாது என்பதால் அவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். குழுவுக்கு ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் ஒலிபெருக்கி வைக்க வேண்டும். விழாவில் மிச்சமான பெட்டி ஒன்றை இயக்குநரின் ஒலி புகாத அறைக்குத் தூக்கிவந்தார்கள். மின்சார பிளக் ஒரே ஒரு இடத்தில் இருந்ததால் பெட்டி பாலுசாமியின் வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

“ஒலி எண் ஒன்று,” என்று ராமுலு மைக்கில் படித்தார். “குக்கர். ஏழு விசிலுங்க.” உதட்டைக் குவித்து ஏழு முறை விசிலடித்தார். பாலுசாமிக்குக் கேட்கவில்லை. ‘கேட்கவில்லை’ என்று குறிக்கப்பட்டது.

“ஒலி எண் இரண்டு. குருவி.” இது தன் தகுதிக்கு ஏற்றது என்று இயக்குநர் மைக்கை வாங்கிக் கண்ணை மூடி “கீச், கீச்” என்றார். கேட்கவில்லை. மெஷின் அநேகமாகக் கைக்கு வந்துவிட்டது.

“ஒலி எண் மூன்று.” ராமுலு தொண்டையைச் செருமினார். “நாச்சியம்மாள்.”

ராமுலுவின் குரல் கட்டைக் குரல். பெட்டி வழியாக வந்தபோது அது எருமைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு எழுத்து தப்பாமல் கேட்டது. பாலுசாமி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். பட்டாளத்தில் அதுவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“‘ஏனுங்க, இந்த நீலச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க.’ மூணு வருசத்துக்கு முந்தின மார்கழி. விண்ணப்பதாரரின் பதில்: ‘ஆமாமா’.”

“தன்னம்பிக்கை உள்ளவர்,” என்றார் இயக்குநர்.

“எண் ஒன்பதுங்க. ‘எருமை கன்னு போட்டுருச்சுங்க. கெடேரிங்க.’ பதில்: ‘ஆமாமா’. கால் மணி நேரங்கழிச்சு வந்து, ‘எருமை எப்ப ஈனும்?’ என்று கேட்டார். எண் பதினாலு. ‘அவிநாசித் தேருக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போறீங்களா?’ பதில்: ‘ஆமாமா’. நாலு வருசம் கேட்டேன். நாலு வருசமும் ஆமாமா. ஒரு வருசமும் போகல.”

பாலுசாமி சுவரில் ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டார், பார்வையால்.

“எண் இருபத்தொண்ணு. பங்காளி ஒருத்தர் இவரைச் ‘செவுட்டுப் பட்டாளம்’னு சொல்லிப்போட்டார். ‘எங்க ஊட்டுக்காரர் காதைக் குடுத்துத்தான் நீங்கெல்லாம் இங்க சத்தமில்லாமத் தூங்கறீங்க, வாய மூடுங்க’ன்னு நடுரோட்டுல நின்னு பிடிபிடின்னு பிடிச்சேன். விண்ணப்பதாரர் பக்கத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். பதில்: ‘ஆமாமா’.”

ராமுலுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “எண் முப்பத்து மூணு. ‘முட்டி வலிக்குதுங்க.’ பதில்: ‘ஆமாமா’.”

“உரக்கப் படியுங்கள், ராமுலு. பணிவு அழைப்புக்குத்தான். சரிபார்ப்புக்கு இல்லை.”

“எண் நாப்பத்தேழுங்க. கடைசிங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, கொடியேத்துன நாளுக்கு மறுநாளு.” ராமுலு நிறுத்தினார். பக்கம் புரளும் சத்தம் பெட்டியில் இடி போல் விழுந்தது. “‘பட்டாளத்துப் பொட்டியில கோழி வெச்சது தப்புத்தானுங்க. எத்தனை கத்துனாலும் தகுமுங்க. இன்னும் எம்மேல கோவமுங்களா?’”

அறையில் பஸ் ஹார்ன் இல்லை, ஜெனரேட்டர் இல்லை.

“பதில்: ‘ஆமாமா’. கீழ குறிப்பு இருக்குதுங்க. ‘அடுத்த நாளும் கேட்டேன். ஆமாமா. அதுக்கடுத்த நாளும் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஆமாமான்னார். அப்புறம் கேக்கலீங்க. அவசியமானத மட்டும் பேசிக்கறேன்.’”

“இல்ல!”

பாலுசாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து கிடந்தது. “இல்ல நாச்சி! கோவமெல்லாம் அன்னைக்கே போச்சு! நா எப்ப புள்ள கோவம்னு சொன்னேன்?” அவர் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு அது பெட்டி என்று தெரிந்து, திரும்பி நின்றார்.

இயக்குநர் பேனாவை எடுத்தார். ராமுலு மைக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பாலுசாமியின் காதில் வாயை வைத்தார். “உக்காருங்க ஐயா. நீங்க எதையும் கேக்கலீங்க. எறும்பு கடிச்சு எந்திரிச்சீங்கன்னு எழுதிப்போடறேனுங்க. மெஷின் உள்ளதான் இருக்குது, ரெடியா இருக்குது.”

பாலுசாமி அவர் தோளில் கை வைத்தார். “வேண்டாங்க தம்பி. கேட்டுச்சுன்னே எழுதுங்க. அத்தனையும் கேட்டுச்சு. அதைக் கேக்கலீன்னு எங்கையில எழுதிக் குடுக்க முடியாதுங்க.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்துவந்து பாலுசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, மைக்கை வாங்கினார்.

“வாழ்த்துகள்! காலையில் விண்ணப்பதாரருக்குக் கேட்கவில்லை. மாலையில் கேட்கிறது. இதற்கு மருத்துவத்தில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு: குணம்! படிவத்தால் புரிந்துகொண்டோம். காதடைப்பானால் தடுத்தோம். இப்போது சிகிச்சையும் அளித்துவிட்டோம். மூன்றும் ஒரே நாளில், ஒரே வீரருக்கு, மெஷின் உறையைக்கூடப் பிரிக்காமல்! ராமுலு, ஆண்டறிக்கையில் ‘சிகிச்சை’க்குக் கீழே பூஜ்ஜியத்தை அடித்து ஒன்று என்று போடுங்கள். ஜமாப்காரர்கள் போய்விட்டார்களா?”

போகவில்லை. மறுபடியும் அடித்தார்கள்.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாச்சியம்மாள் கட்டுத்தாரையில் இருந்தாள். அவர் கையில் காது மெஷின் இல்லை. ஒரு கக்கத்தில் நோட்டு, மறு கக்கத்தில் சான்றிதழ்.

எருமையின் எதிரிலேயே வைத்து அவர் சொன்னார். “அன்னைக்கே கோவம் போயிருச்சு புள்ள. எனக்குக் கேக்கல. கேக்காமத்தான் ஆமாமான்னேன்.”

நாச்சியம்மாள் பால் சொம்பைக் கீழே வைத்தாள். அவள் உதடு அசைந்தது. ஏழு வார்த்தையில் எதுவும் இல்லை அது. அவருக்கு வாயில் பழக்கதோஷமாக ‘ஆமாமா’ வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கேக்கல,” என்றார். அதைச் சொல்லவும் அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது. “இன்னொருக்காச் சொல்லு.”

அவள் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

“கேக்கல. கத்து. ஊரே கேக்கட்டும்.”

அவள் அங்குமிங்கும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சை இழுத்து, கத்தினாள். எருமை இரண்டு அடி பின்னால் போனது. கூரையிலிருந்து புறா பறந்தது. கத்தினவள் தன் சத்தம் தாங்காமல் தானே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதனால் அவரது பதில் அவளுக்குக் கேட்கவில்லை, பொத்தின கையை எடுக்கவும் பயமாக இருந்தது.

பாலுசாமி யோசித்தார். சான்றிதழின் சட்டத்தைத் தொழுவத்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். உடைந்த கண்ணாடியை உதறி, மூலையிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்து, ஆரஞ்சு நிற இயர் பிளக் இரண்டையும் உருட்டி நசுக்கி, பொறுமையாக அவள் காதில் ஒன்று ஒன்றாக வைத்துவிட்டார். முப்பது வருடப் பரிசீலனை வீண் போகவில்லை. ஒரு ஜோடிக் காதை அது இப்போது காப்பாற்றத் தொடங்கியது.

“ம்,” என்று கையால் காட்டினார். “இனிச் சொல்லு.”

“ஏனுங்க!” என்று நாச்சியம்மாள் கத்தினாள். ஒரு மரியாதையும் குறையவில்லை. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. “இந்த வருசமாச்சும் அவிநாசித் தேருக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“கூட்டிட்டுப் போங்க மாமோவ்!” என்று மூன்றாவது வீட்டிலிருந்து குரல் வந்தது.

பாலுசாமிக்கு இரண்டும் கேட்டது. நன்றாகக் கேட்டு, ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஆமாமா.”

நாச்சியம்மாள் இயர் பிளக் போட்ட தலையைச் சாய்த்து, கையைக் காதருகே குவித்தாள்.

“கேக்கலீங்க! இன்னொருக்காச் சொல்லுங்க!”